பெரியவர்களுக்கு ஏற்படும் சிறுநீர்க் கட்டுப்பாடின்மை: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

அடக்க முயன்றும் இயலாமல், தம்மை அறியாமலோ விருப்பமின்றியோ சிறுநீர் வெளியேறுவதே சிறுநீர்க் கட்டுப்பாடின்மை எனப்படுகிறது. இருமும்போது சில துளிகள் கசிவது முதல், கழிப்பறையை அடையும் முன்பே ஆடை நனைந்துவிடுவது வரை இதன் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆண், பெண் இருபாலருக்கும் இது ஏற்படும். எனினும் பெண்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு மிகுதியாகக் காணப்படுகிறது.

இது தனித்த ஒரு நோயன்று. உடலில் உள்ள ஏதோ ஒரு கோளாற்றின் அறிகுறியாகும். வயது கூடக்கூட இதற்கான வாய்ப்பு கூடுவது உண்மையே. ஆனால், "வயதானால் இப்படித்தான் இருக்கும்" என்றோ "பிள்ளை பெற்ற உடம்புக்கு இது இயல்பு" என்றோ ஒதுக்கிவிடுவது சரியன்று. பலர் கூச்சத்தின் காரணமாக இதனை மருத்துவரிடமும் வீட்டாரிடமும் மறைக்கின்றனர். பேருந்துப் பயணம், உறவினர் திருமணம், வழிபாடு ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தவிர்க்கத் தொடங்குகின்றனர். முதியோர் இரவில் அவசரமாக எழுந்து விரையும்போது கீழே விழுந்து எலும்பு முறிவுக்கு உள்ளாவதும் உண்டு.

வெளிப்பார்வைக்குக் கசிவு ஒன்றாகவே தோன்றினாலும் அதன் வகைகள் பல. ஒரு வகைக்கு நன்மை தரும் மாத்திரை மற்றொரு வகைக்குத் தீங்கு விளைவிக்கக்கூடும். ஆகவே, தமக்கு ஏற்பட்டிருப்பது எவ்வகைக் கசிவு என்பதைக் கண்டறிவதே சிகிச்சையின் முதற்படியாகும்.

சிறுநீர் எவ்வாறு அடக்கப்படுகிறது?

சிறுநீரகங்களில் உருவாகும் சிறுநீர், சிறுநீர்ப்பையில் சிறிது சிறிதாகச் சேர்கிறது. ஆரோக்கியமான பெரியவரின் சிறுநீர்ப்பை ஏறத்தாழ 400 முதல் 500 மி.லி. வரை கொள்ளும். அதில் பாதியளவு நிறையும் முன்னரே முதல் உணர்வு தோன்றலாம். எனினும் அதனை நெடுநேரம் அடக்கிக்கொள்ள இயலும்.

அடக்குவதற்கு மூன்று உறுப்புகள் ஒத்துழைக்க வேண்டும். முதலாவது, சிறுநீர்ப்பையின் சுவரில் உள்ள தசை நிறையும் நேரம் முழுவதும் தளர்ந்திருக்க வேண்டும். இரண்டாவது, வெளியேறும் வழியை மூடும் சுருக்குத்தசையும், அடிவயிற்று உறுப்புகளைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளும் இறுகியிருக்க வேண்டும். மூன்றாவது, இவ்விரண்டுக்கும் கட்டளையிடும் மூளை, தண்டுவடம், நரம்புகள் ஆகியவை பழுதின்றி இயங்க வேண்டும். இவற்றுள் எது பிழைபடுகிறதோ அதற்கேற்பக் கசிவின் வகையும் மாறுகிறது.

வகைகளும் காரணங்களும்

அழுத்தக் கசிவு: இருமல், தும்மல், சிரிப்பு, குடம் தூக்குதல், படி ஏறுதல் போன்றவற்றால் வயிற்றில் அழுத்தம் கூடும்போது சிறுநீர் கசிகிறது. இடுப்புத்தளத் தசைகளோ சுருக்குத்தசையோ வலுவிழந்திருப்பதே காரணம். மகப்பேறு, மாதவிடாய் நின்ற பின் ஏற்படும் மாற்றங்கள், உடற்பருமன், நாட்பட்ட இருமல் ஆகியவை இதற்கு வழிவகுக்கின்றன. ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் செய்யப்படும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் இது தோன்றலாம்.

அவசரக் கசிவு: திடீரென அடக்க முடியாத உந்துதல் தோன்றி, கழிப்பறையை அடையும் முன்பே சிறுநீர் வெளியேறுகிறது. குழாயில் நீர் விழும் ஓசையைக் கேட்டாலோ வீட்டுக் கதவைத் திறக்கும்போதோ உந்துதல் எழுவதாகப் பலர் கூறுவர். சிறுநீர்ப்பைத் தசை நிறையும் முன்பே சுருங்கிவிடுவதே இதற்குக் காரணம். பக்கவாதம், பார்க்கின்சன் நோய், சிறுநீர்ப் பாதைத் தொற்று, சிறுநீர்ப்பைக் கல் ஆகியவற்றாலும் இது ஏற்படலாம். பலருக்குத் தெளிவான காரணம் புலப்படுவதில்லை. எனினும் சிகிச்சை உண்டு.

கலப்புக் கசிவு: மேற்கண்ட இரண்டும் ஒருவருக்கே இருத்தல். பெண்களிடம் இது மிகுதி. எது அதிகத் தொல்லை தருகிறதோ அதற்கு முதலில் சிகிச்சை அளிப்பர்.

நிரம்பி வழியும் கசிவு: சிறுநீர்ப்பை முழுமையாகக் காலியாவதில்லை, தேங்கிய சிறுநீர் துளித்துளியாக வழிந்துகொண்டே இருக்கும். சிறுநீர் மெல்லிய தாரையாக வருதல், முக்கிக் கழித்தல், கழித்த பின்னும் மிச்சமிருப்பது போன்ற உணர்வு ஆகியவை இதன் அடையாளங்கள். ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கமும், இருபாலருக்கும் நீண்டகால நீரிழிவால் ஏற்படும் நரம்புப் பாதிப்பும், கடும் மலச்சிக்கலும், பெண்களுக்குக் கருப்பை இறக்கமும் காரணங்களாகின்றன. தேங்கிய சிறுநீரால் தொற்றும், நாளடைவில் சிறுநீரகப் பாதிப்பும் நேரலாம்.

செயல்திறன் குறைவால் நேரும் கசிவு: சிறுநீர்ப்பை நன்றாக இயங்கினாலும், மூட்டுவலி, பார்வைக் குறைவு, மறதிநோய் போன்றவற்றால் உரிய நேரத்தில் கழிப்பறையை அடைய இயலாமல் போவது. கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருப்பதும், தரையில் அமர்ந்து எழ முடியாததும்கூடக் காரணமாகலாம்.

இடைவிடாக் கசிவு: இரவும் பகலும் நிற்காமல் சிறுநீர் ஒழுகுதல். கடினமான பிரசவம், கருப்பை நீக்க அறுவை, கதிர்வீச்சுச் சிகிச்சை ஆகியவற்றுக்குப் பின், சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையே துளை உண்டாகியிருந்தால் இவ்வாறு நேரும். அறுவைச் சிகிச்சையால் இதனைச் சரிசெய்ய இயலும்.

திடீரெனத் தொடங்கிய கசிவு

சில நாள்களிலோ வாரங்களிலோ புதிதாகத் தோன்றிய கசிவுக்குப் பெரும்பாலும் நீக்கத்தக்க காரணம் இருக்கும். சிறுநீர்ப் பாதைத் தொற்று, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, மலச்சிக்கல், காய்ச்சலாலோ பிற நோயாலோ ஏற்பட்ட குழப்பநிலை, படுக்கையில் நீண்ட நாள் இருக்க நேர்ந்தமை ஆகியவற்றை முதலில் ஆராய வேண்டும்.

மருந்துகளும் காரணமாகலாம். இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் வழங்கப்படும் நீர் மாத்திரைகள், சில நீரிழிவு மருந்துகள், தூக்க மாத்திரைகள், சளிக்கும் ஒவ்வாமைக்கும் உட்கொள்ளும் சில மாத்திரைகள் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. வறட்டு இருமலை உண்டாக்கும் இரத்த அழுத்த மருந்துகளால் அழுத்தக் கசிவு மிகுதியாகலாம். இவற்றை நீங்களாகவே நிறுத்தக் கூடாது. உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள். அளவையோ நேரத்தையோ மாற்றினாலே போதுமானதாக இருக்கலாம்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

• சிறுநீர் முற்றிலும் அடைபட்டு, அடிவயிறு உப்பி வலித்தல்
• முதுகுவலியுடன் கால்கள் வலுவிழத்தல், தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போதல், மலத்தையும் அடக்க முடியாமை
• கசிவுடன் முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒருபக்கக் கை கால் செயலிழத்தல்
• குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், விலாவில் வலி
• முதியோருக்குத் திடீரெனத் தோன்றும் மனக்குழப்பம்

இந்நிலைகளில் 108 அவசர ஊர்தியை அழைக்கலாம். சிறுநீரில் இரத்தம் காணப்பட்டால், வலி இல்லாவிட்டாலும், தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும்.

சிறுநீர்க் குறிப்பேடு

மருத்துவரைக் காணும் முன் மூன்று நாள்களுக்கு ஒரு குறிப்பேடு எழுதி எடுத்துச் செல்வது பெரிதும் உதவும். அளவுக்குறியிட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்றே இதற்குப் போதும். கீழ்க்கண்டவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

• என்ன பருகினீர்கள், எவ்வளவு, எப்போது
• சிறுநீர் கழித்த நேரமும் அளவும்
• கசிவு நேர்ந்த நேரம். அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். சில துளிகளா, ஆடை மாற்றும் அளவா
• உறங்கச் சென்ற நேரமும் எழுந்த நேரமும்

இக்குறிப்பு எவ்வாறு பயன்படும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 70 வயதான ஒருவர் இரவில் நான்கு முறை எழுகிறார் எனக் கொள்வோம். ஒரு நாளில் கழித்த மொத்தச் சிறுநீர் 1,500 மி.லி. அதில் இரவில் கழித்ததும், காலையில் எழுந்தவுடன் கழித்ததும் சேர்ந்து 750 மி.லி. முதியோரிடம் இரவுப் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டினால், சிறுநீர்ப்பையைவிட இரவில் சிறுநீர் மிகுதியாக உருவாவதே முதன்மைக் காரணமாக இருக்கலாம். கால் வீக்கம், இதய நோய், சர்க்கரை, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், நீர் மாத்திரை உட்கொள்ளும் நேரம் ஆகியவற்றை மருத்துவர் ஆராய்வார். மாறாக, மொத்த அளவு இயல்பாக இருந்து, ஒவ்வொரு முறையும் 80 அல்லது 100 மி.லி. மட்டுமே வருகிறதெனில், சிறுநீர்ப்பையின் மிகை இயக்கமோ முழுமையாகக் காலியாகாமையோ காரணமாகலாம். இருவருக்கும் தொல்லை ஒன்றே, சிகிச்சை வேறு.

பரிசோதனைகள்

பெரும்பாலானோருக்கு எளிய பரிசோதனைகளே தேவைப்படும். மருத்துவர் விவரங்களைக் கேட்டறிந்து, வயிற்றையும் இடுப்புப் பகுதியையும் பரிசோதிப்பார். பெண்களை இருமச் சொல்லிக் கசிவு உள்ளதா எனக் காண்பதும், ஆண்களுக்கு ஆசனவாய் வழியாகப் புராஸ்டேட் சுரப்பியைப் பரிசோதிப்பதும் வழக்கம். பெண் மருத்துவரோ செவிலியரோ உடனிருக்க வேண்டுமென நோயாளி கேட்கலாம். சிறுநீர்ப் பரிசோதனை, இரத்தச் சர்க்கரை, கழித்த பின் எஞ்சியுள்ள சிறுநீரின் அளவை அறியும் ஸ்கேன் ஆகியவை செய்யப்படும். சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளக்கும் சிறப்புப் பரிசோதனை, சிகிச்சை பலனளிக்காதபோதோ அறுவைச் சிகிச்சைக்கு முன்னரோ சிலருக்கு மட்டும் தேவைப்படும்.

வாழ்க்கைமுறை மாற்றங்கள்

தண்ணீரைக் குறைக்க வேண்டாம். கசிவுக்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் இருப்பதே பலர் செய்யும் தவறு. நீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து சிறுநீர்ப்பையை உறுத்தும். மலச்சிக்கலும் தொற்றும் ஏற்படும். பெரும்பாலானோருக்கு நாளொன்றுக்கு 1.5 முதல் 2 லிட்டர் வரை நீர்ம உணவு தேவை. கோடையிலும் வெயிலில் உழைப்போருக்கும் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் தங்கள் மருத்துவர் விதித்த அளவையே பின்பற்ற வேண்டும். இரவுத் தொல்லை உள்ளவர்கள் பெரும்பகுதி நீரைப் பகலிலேயே பருகி, உறங்குவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் குறைத்துக்கொள்ளலாம்.

காபி, தேநீர், குளிர்பானம், மது ஆகியவற்றைக் குறைத்துப் பாருங்கள். புகைப்பிடிப்பதைக் கைவிடுங்கள். கீரை, காய்கறி, முழுத்தானியம் ஆகியவற்றால் மலச்சிக்கலைத் தவிருங்கள். பருமனானவர்கள் உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைத்தாலே கசிவு கணிசமாகக் குறையும்.

இடுப்புத்தளத் தசைப் பயிற்சி

1948ஆம் ஆண்டில் அமெரிக்க மகளிர் நல மருத்துவர் ஆர்னால்டு கெகல் எடுத்துரைத்த இப்பயிற்சி, இன்றும் அழுத்தக் கசிவுக்கு முதற்சிகிச்சையாக விளங்குகிறது. அவசரக் கசிவுக்கும், புராஸ்டேட் அறுவைக்குப் பிந்தைய கசிவுக்கும் பயன்படும்.

1. படுத்தோ அமர்ந்தோ உடலைத் தளர்த்திக்கொள்ளுங்கள்.
2. சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவது போல, தசைகளை இறுக்கி மேல்நோக்கி இழுங்கள்.
3. தொடக்கத்தில் 3 முதல் 5 விநாடி இறுக்கி, அதே அளவு நேரம் தளர்த்துங்கள். சிறிது சிறிதாக 10 விநாடி வரை கூட்டுங்கள்.
4. ஒரு வேளைக்குக் குறைந்தது 8 முறை, நாளொன்றுக்கு மூன்று வேளை செய்யுங்கள்.

மூச்சை அடக்குதல், வயிற்றையும் தொடையையும் இறுக்குதல் ஆகியவை கூடா. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி இதனைப் பயிற்சியாகச் செய்யவும் கூடாது. அது சிறுநீர் தேங்க வழிவகுக்கும். பலன் தெரியக் குறைந்தது மூன்று மாதங்கள் ஆகும். இடையில் விட்டுவிடுவதே பெரும்பாலும் தோல்விக்குக் காரணமாகிறது. சரியாகச் செய்கிறோமா என்ற ஐயம் இருந்தால் இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொள்ளலாம். தும்மல் வருவதற்கு முன்பும் பாரம் தூக்கும் முன்பும் தசைகளை இறுக்கிக்கொள்ளப் பழகுவது உடனடிப் பயன் தரும்.

சிறுநீர்ப்பைப் பயிற்சி

இது அவசரக் கசிவுக்கு உரியது. குறிப்பேட்டைக் கொண்டு, கசிவின்றி எவ்வளவு நேரம் தாங்க முடிகிறது எனக் கணியுங்கள். அது ஒரு மணி நேரம் எனில், மணிக்கு ஒரு முறை கழியுங்கள். பின்னர் வாரந்தோறும் 15 நிமிடம் வரை கூட்டி, மூன்று மணி நேர இடைவெளியை எட்ட முயலுங்கள். இடையில் உந்துதல் எழுந்தால் விரைய வேண்டாம். நின்ற இடத்திலோ அமர்ந்தோ, இடுப்புத்தளத் தசைகளைச் சில முறை விரைவாக இறுக்கித் தளர்த்தி, மெதுவாக மூச்சு விடுங்கள். உந்துதல் அலைபோல் எழுந்து தணியும். தணிந்த பின் நிதானமாக நடந்து செல்லுங்கள். இப்பயிற்சியைக் குறைந்தது ஆறு வாரங்கள் தொடர வேண்டும். சிறுநீர் தேங்கும் வகையினர் இதனைச் செய்யக் கூடாது.

மருந்துகளும் அறுவைச் சிகிச்சையும்

அவசரக் கசிவுக்கு ஆக்ஸிபியூட்டினின், டால்டெரோடின், சாலிஃபெனாசின் போன்ற மாத்திரைகள் சிறுநீர்ப்பைத் தசையைத் தளர்த்துகின்றன. வாய் உலர்தல், மலச்சிக்கல், பார்வை மங்கல் ஆகியவை ஏற்படலாம். முதியோருக்கு மறதியும் குழப்பமும் கூடலாம். சில வகைக் கண்ணழுத்த நோய் உள்ளவர்களுக்கு இவை பொருந்தா. மிராபெக்ரான் மாத்திரை வேறு வகையில் செயற்படுகிறது. அதனை உட்கொள்வோர் இரத்த அழுத்தத்தைக் கண்காணிக்க வேண்டும். நிரம்பி வழியும் கசிவு உள்ளவர் தசையைத் தளர்த்தும் மாத்திரைகளை உட்கொண்டால் சிறுநீர் முற்றிலும் அடைபடக்கூடும். ஆகவே, பிறருக்கு எழுதித் தந்த மாத்திரையை வாங்கி உட்கொள்ளக் கூடாது.

மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பிறப்புவழியில் பூசும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு பயன் தரலாம். புராஸ்டேட் வீக்கத்துக்கு மாத்திரைகளும் அறுவையும் உள்ளன. பயிற்சியால் தீராத அழுத்தக் கசிவுக்குச் சிறுநீர் வழியைத் தாங்கும் நாடா பொருத்தும் அறுவையும், மாத்திரைகளால் தீராத அவசரக் கசிவுக்குச் சிறுநீர்ப்பையில் போட்டுலினம் ஊசியும் அளிக்கப்படுகின்றன. ஒவ்வொன்றின் பலனையும் பக்கவிளைவையும் கேட்டறிந்த பின்னரே முடிவு செய்யுங்கள். சிறுநீர்ப்பை காலியாகாதவர்களுக்கு, குறித்த நேரங்களில் தாங்களே மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை அகற்றும் முறை கற்பிக்கப்படும்.

பராமரிப்பாளர்களுக்கு

• கடிந்துகொள்ளாதீர்கள். நோயாளி வேண்டுமென்று செய்வதில்லை. பிறர் முன்னிலையில் இதைப் பற்றிப் பேசுவதைத் தவிருங்கள்.
• இரண்டு அல்லது மூன்று மணிக்கு ஒரு முறை கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுங்கள். மறதிநோய் உள்ளவர் சொல்லத் தெரியாமல் அமைதியின்றி நடமாடுவதும் ஆடையை இழுப்பதும் அறிகுறிகளாகலாம்.
• கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு எரியட்டும். வழியில் ஈரமும் மிதியடியும் வேண்டாம். சுவரில் கைப்பிடி பொருத்துங்கள். நடக்க இயலாதவருக்குக் கட்டிலருகே கமோடு நாற்காலி, ஆண்களுக்குச் சிறுநீர்க் குடுவை ஆகியவை உதவும்.
• முடிச்சிட்ட நாடாவுக்கு மாற்றாக, எலாஸ்டிக் வைத்த, எளிதில் கழற்றத்தக்க ஆடைகளை அணிவியுங்கள்.
• நனைந்தவுடன் டயபரை மாற்றுங்கள். தோலை நீரால் மென்மையாகக் கழுவி, அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி உலர்த்தி, பாதுகாப்புக் களிம்பு பூசுங்கள். சிவத்தலோ புண்ணோ தோன்றினால் செவிலியரிடம் காட்டுங்கள்.
• கதீட்டர் எனப்படும் நிரந்தர வடிகுழாயால் தொற்று ஏற்படும் வாய்ப்பு மிகுதி. பராமரிப்பின் எளிமைக்காக மட்டும் அதனைக் கேட்காதீர்கள். ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தால், சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்பு மட்டத்துக்குக் கீழே, தரையைத் தொடாமல் இருக்கட்டும். கையாளும் முன்னும் பின்னும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

இரவு பலமுறை எழ நேர்வதால் பராமரிப்பாளரின் உறக்கமும் கெடுகிறது. இப்பொறுப்பைக் குடும்பத்தில் ஒருவரே முழுவதும் சுமக்காமல், முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது இருவர் நலத்துக்கும் ஏற்றது.

எங்கு அணுகுவது?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அரசு மருத்துவமனையையோ அணுகலாம். தேவைக்கேற்ப மகளிர் நல மருத்துவர், சிறுநீரியல் மருத்துவர், நரம்பியல் மருத்துவர், இயன்முறை மருத்துவர் ஆகியோரிடம் பரிந்துரைப்பர். தமிழ்நாட்டில் படுக்கையில் உள்ள நோயாளிகளுக்கு, 2021ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் இயன்முறைச் சிகிச்சையும் ஆதரவுச் சிகிச்சையும் இல்லத்திலேயே வழங்கப்படுகின்றன. மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

வேறு நோய்க்காக மருத்துவரைக் காணச் சென்றாலும் இதனைத் தெரிவிக்கலாம். நீண்ட விளக்கம் தேவையில்லை. "எனக்குச் சிறுநீர் கசிகிறது" என்ற ஒரு சொற்றொடரே போதும். மூன்று நாள் குறிப்பேட்டையும் உட்கொள்ளும் மருந்துகளையும் உடன் கொண்டு செல்லுங்கள். எஞ்சிய கேள்விகளை மருத்துவர் கேட்டுக்கொள்வார்.